பெட்டிக்குள் 40, திரையில் 37: ஆர்.எஃப்.ஐ.டி. கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷன். அட்டைப் பெட்டிக்குள் 40 டி-ஷர்ட், ஒவ்வொன்றிலும் ஓர் ஆர்.எஃப்.ஐ.டி. டேக், அதாவது ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் அடையாளச் சீட்டு. பெட்டி சுரங்கம் போன்ற கூண்டுக்குள் போய் வெளியே வருகிறது. திரையில் 37. திருப்பி விட்டால் 38. வெளியே வண்டி காத்திருக்கிறது, சூப்பர்வைசர் என் முகத்தையே பார்க்கிறார். நான் அந்த வேலைக்குப் புதுசு. டேக்குகளை வாசிக்கும் கருவியான ரீடரின் பவரை உச்சத்துக்கு ஏற்றிவிட்டேன். 40 வந்தது, பச்சை விளக்கு எரிந்தது, எல்லாருக்கும் டீ வந்தது.

மறுநாள் பதிவைத் திறந்து எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. அந்த 40-இல் 38தான் அந்தப் பெட்டியுடையவை. மற்ற இரண்டும் பின்னால் வரிசையில் நின்ற பெட்டியிலிருந்து வந்தவை. பாதித் தவறு ஒரு பக்கம், பாதித் தவறு மறுபக்கம், கூட்டினால் சரியான விடை. அன்றிலிருந்து நான் எண்ணிக்கையை நம்புவதில்லை, பட்டியலைத்தான் பார்க்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருபவருக்கு நான் முதலில் சொல்வதும் அதைத்தான்: பவர் குமிழைத் தொடாதீர்கள், பட்டியலைத் திறங்கள்.

கீழே வருவதெல்லாம் துணி, கோடவுன், கடை ஆகிய இடங்களில் ஓடும் யுஹெச்எஃப் வகையைப் பற்றியது, அதாவது 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையில் வேலை செய்வது. நூலகப் புத்தகங்களிலும் அலுவலகக் கதவு அட்டைகளிலும் இருப்பது பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸிலோ அதற்கும் கீழே 125 கிலோஹெர்ட்ஸிலோ வேலை செய்யும் வேறு வகை. அவற்றின் குணமும் வேறு.

கொஞ்சம் அடிப்படை

டேக்கில் பேட்டரி கிடையாது. ரீடர் ஆன்டெனா வழியாக ரேடியோ அலையை அனுப்புகிறது. டேக்கில் உள்ள பொட்டளவு சிப் அந்த அலையிலிருந்தே மின்சாரம் எடுத்து விழித்துக்கொள்கிறது. பிறகு அதே அலையைக் கூட்டிக் குறைத்துத் திருப்பி அடித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. சின்ன வயதில் கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து எதிர்வீட்டுச் சுவரில் அடித்து விளையாடியிருப்பீர்களே, அதுதான். கண்ணாடிக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது.

ஆகவே ஒரு டேக் வாசிக்கப்படாமல் போக இரண்டே வழிதான். எழுந்துகொள்ளும் அளவுக்கு அதற்குச் சக்தி போய்ச் சேரவில்லை. இல்லாவிட்டால் அது பேசியும் ரீடரின் காதில் விழவில்லை. நடைமுறையில் முதல் காரணம்தான் அதிகம். ரீடரிலிருந்து 1 வாட் கிளம்பினாலும் சிப்புக்குக் கிடைப்பது மைக்ரோவாட் கணக்கில்தான் இருக்கும். நடுவில் ஒரு ஈரத்துணி வந்தால்கூட ஆட்டம் கலைந்துவிடும்.

படி 1: புகாரை எழுதி வாங்குங்கள்

"ரீட் ஆகலீங்க" என்று போன் வரும். அதற்கு நான்கு அர்த்தம் உண்டு. எதுவுமே வரவில்லை. சில மட்டும் வரவில்லை. வரக்கூடாதது வருகிறது. எல்லாம் வருகிறது, ஆனால் தகவல் தப்பு. நான்குக்கும் மருந்து வேறு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மருந்து நேர் எதிரானது. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்துவிட்டு வருவதுதான் புதியவர்கள் செய்யும் காரியம். என் டீக் கதையும் அதுதான்.

எப்போதிலிருந்து, எந்த வாசலில், எந்தச் சரக்கில், அதற்கு முந்தைய நாள் அங்கே என்ன மாறியது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "ஒண்ணும் மாறலையே" என்றுதான் பதில் வரும். போய்ப் பார்த்தால் பக்கத்தில் புது இரும்பு ரேக் நிற்கும்.

படி 2: சாட்சி டேக்குகள்

நன்றாக வேலை செய்யும் ஐந்து டேக்குகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு தெர்மாகோல் துண்டில் ஒட்டுங்கள். அதன் எண்ணைப் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். அமைப்பு நன்றாக ஓடும் நாளில் ஆன்டெனாவிலிருந்து எத்தனை மீட்டர் வரை அவை வாசிக்கப்படுகின்றன என்று அளந்து எழுதி வையுங்கள். கோளாறு வரும் நாளில் இதுதான் உங்கள் தெர்மாமீட்டர்.

கம்பெனியின் மென்பொருளை நிறுத்திவிட்டு, ரீடர் தயாரிப்பாளர் தரும் சோதனை மென்பொருளை லேப்டாப்பில் திறந்து, சாட்சி டேக்கைக் காட்டுங்கள். பழைய தூரத்திலிருந்தே வாசித்தால் ரீடர், கேபிள், ஆன்டெனா மூன்றும் நலம். கோளாறு சரக்கிலோ டேக்கிலோ மென்பொருளிலோ இருக்கிறது. தூரம் பாதியாகிவிட்டால் கேபிள் பக்கம் போங்கள். இந்த ஐந்து நிமிட வேலை உங்கள் தேடலில் பாதியைக் குறைத்துவிடும்.

எதுவுமே வரவில்லை என்றால்

இது பார்க்கத்தான் பயமாக இருக்கும், உண்மையில் சுலபமான கோளாறு. ரீடரில் விளக்கு எரிகிறதா, லேன் கேபிளின் விளக்கு மினுக்குகிறதா, கணினியிலிருந்து கூப்பிட்டால் ரீடர் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் போகிறதா. மின்தடைக்குப் பிறகு ரீடரின் ஐ.பி. முகவரி மாறிவிடுவது சகஜம். நிரந்தர முகவரி கொடுத்துவிட்டால் அந்தத் தலைவலி போகும். பிங் போகிறது, ஆனால் மென்பொருள் இணையவில்லை என்றால், ரீடர் பேசும் எல்எல்ஆர்பி நெறிமுறையின் 5084 என்ற போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, எனக்கே அரைநாள் தின்றது. பெரும்பாலான ரீடர்கள் ஒரு நேரத்தில் ஒரே மென்பொருளோடுதான் இணையும். முந்தின நாள் சோதனைக்கு வந்தவர் தன் சோதனை மென்பொருளை எங்கோ ஒரு கணினியில் ஓடவிட்டுப் போயிருப்பார். ரீடர் அதனோடு பேசிக்கொண்டிருக்கும், நம்மைத் திரும்பிப் பார்க்காது.

பெட்டி வந்ததும் ரீடரை எழுப்ப ஃபோட்டோ சென்சார் வைத்திருப்பார்கள். பனியன் கம்பெனியில் பறக்கும் பஞ்சு அதன் கண்ணில் படிந்துவிட்டால் பெட்டி வருவதே ரீடருக்குத் தெரியாது. துணியால் ஒரு துடைப்பு, வேலை முடிந்தது. இதற்கு நான் பில் போட்டதில்லை.

லேன் கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கும் ரீடர் என்றால் சுவிட்ச் எந்த ரகம் என்று பாருங்கள். சாதாரண பிஓஇ ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட்தான் தரும், பிஓஇ பிளஸ் 30 வாட் தரும். சில ரீடர்கள் குறைந்த மின்சாரத்தில் ஓடும், ஆனால் ஒலிபரப்பும் சக்தியைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொள்ளும். சுவிட்சை மாற்றிய வாரத்தில் "தூரம் குறைஞ்சிடுச்சு" என்று புகார் வந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் இருக்கட்டும்.

அப்புறம், நாட்டு அமைப்பு. இந்தியாவில் இந்த வேலைக்கு 2005-இல் உரிமம் இல்லாமல் திறந்துவிடப்பட்டது 865–867 மெகாஹெர்ட்ஸ், 2021-இல் அது 868 வரை நீட்டப்பட்டது. அமெரிக்காவில் 902–928. ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைத்தது என்று வாங்கிய ரீடர் அமெரிக்க அமைப்பில் வந்திருக்கலாம். டேக்குகள் 860 முதல் 960 வரை பொதுவாக ஒத்துப்போவதால் அதுவும் வாசிக்கத்தான் செய்யும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் இங்கே 890–915 என்பது செல்போன்கள் கோபுரத்தோடு பேசும் அலைவரிசை. நீங்கள் அதற்குள் சத்தம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். சட்டப்படியும் தவறு. ஆன்டெனாவின் பின்பக்க ஸ்டிக்கரையும் படியுங்கள். 902–928-க்கு என்று செய்த ஆன்டெனாவை இங்கே மாட்டினால் சக்தியில் ஒரு பகுதி ரீடருக்கே திரும்பி வரும்.

கேபிள் என்னும் சந்தேக நபர்

தூரம் குறைந்துபோன அமைப்புகளில் நான் ரீடரைக் குற்றம் சொல்வதற்கு முன் கேபிளைக் கையில் எடுப்பேன். இந்த அலைவரிசையில் கேபிள் என்பது ஓட்டைக் குழாய் மாதிரி, நீளம் கூடக்கூட ஒழுகும். ஒவ்வொரு 3 டெசிபல் இழப்புக்கும் சக்தி பாதியாகும். மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 10 மீட்டர் இழுத்தால் 5 டெசிபல் அளவுக்குப் போய்விடும். 1 வாட் அனுப்பினால் ஆன்டெனாவுக்குப் போவது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. தடித்த எல்எம்ஆர்-400 அதே நீளத்துக்கு 1.3 டெசிபல் அளவில்தான் இழக்கும். ரீடரை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மாட்ட முடிந்தால் அதைவிட நல்லது.

சோதனை எளிது. ஒலிபரப்பை நிறுத்திவிட்டு, முதல் போர்ட்டிலும் இரண்டாம் போர்ட்டிலும் உள்ள கேபிள்களை இடம் மாற்றுங்கள். கோளாறு கேபிளோடு நகர்ந்தால் குற்றம் கேபிளிலோ அதன் முனையில் உள்ள ஆன்டெனாவிலோ. போர்ட்டிலேயே தங்கிவிட்டால் ரீடரில். ஒலிபரப்பு நடக்கும்போது ஆன்டெனாவைக் கழற்றாதீர்கள், போன சக்தி திரும்பி ரீடரைத்தான் அடிக்கும். பிறகு கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். நடுக்கம்பியும் வெளிவலையும் ஒட்டக்கூடாது. ஆன்டெனா மாட்டியிருக்கும்போது இப்படிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சில ஆன்டெனாக்கள் உள்ளேயே இரண்டையும் இணைத்துத்தான் செய்யப்படுகின்றன.

கனெக்டர் கையால் இறுக்கும் அளவுக்காவது இறுகியிருக்க வேண்டும். கேபிளைக் கூர்மையாக மடக்கி டேப் சுற்றியிருந்தால் பிரித்துவிடுங்கள். ஷட்டர் நசுக்கிய இடம், டிராலி சக்கரம் ஏறிய இடம், எலி கடித்த இடம் எல்லாம் விரலால் தடவினாலே தெரியும்.

சில மட்டும் வரவில்லை என்றால்

நம் தொழிலில் சோறு போடுவது இந்தக் கோளாறுதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

பெட்டியில் இருக்க வேண்டிய எண்களின் பட்டியலையும் வாசித்த எண்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்த மூன்று வரவில்லை என்று தெரியும். பெட்டியைப் பிரித்து அந்த மூன்று பீஸையும் கண்டுபிடியுங்கள். எடுக்கும்போதே அவை எந்த அடுக்கில், எந்த மூலையில் இருந்தன என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் தனியாக ஆன்டெனா முன் காட்டுங்கள். தனியாகவும் வராவிட்டால் டேக் செத்துவிட்டது. தனியாக வந்தால் டேக் நலம், அது உட்கார்ந்த இடம்தான் குற்றவாளி.

செத்த டேக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வாஷ்கேர் லேபிளோடு சேர்த்துத் தைக்கும்போது ஊசி ஆன்டெனாக் கோட்டைக் குத்திக்கொண்டு போயிருக்கலாம். ஹேங் டேக்கை மடித்ததில் சிப் இருக்கும் இடத்திலேயே மடிப்பு விழுந்திருக்கலாம். ஒரே நாள் உற்பத்தியில் நான்கைந்து செத்த டேக் கிடைத்தால் ரீடரை விட்டுவிட்டுத் தையல் லைனுக்குப் போங்கள். லேபிள் வைக்கும் இடத்தை ஒரு சென்டிமீட்டர் தள்ளினால் போதும் என்ற நிலையை நான் பார்த்திருக்கிறேன்.

நலமான டேக் ஏன் பெட்டிக்குள் ஒளிந்துகொள்கிறது? துணியில் முதல் காரணம், டேக் மேல் டேக். ஒரே மாதிரி மடித்து ஒரே பக்கமாக அடுக்கினால் 40 ஹேங் டேக்கும் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும். ஒன்றின் ஆன்டெனா இன்னொன்றின் சுருதியைக் கலைக்கும், மேலே இருப்பது கீழே இருப்பதன் பங்கைப் பறிக்கும். பாதி பீஸை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் திருப்பி அடுக்கச் சொல்லுங்கள். காசு செலவில்லாத மருந்து. ஆனால் பேக்கிங் செய்யும் அக்காமார்களுக்கு ஏன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். காரணம் தெரியாத பழக்கம் இரண்டு நாளில் மறந்துபோகும்.

இரண்டாவது, திசை. டேக் நீளவாக்கில் ஒரு குச்சி என்று வையுங்கள். அந்தக் குச்சியின் முனை ஆன்டெனாவையே நேராகப் பார்த்து நின்றால் வாசிப்பு விழாது. அலையைச் சுழற்றி அனுப்பும் சுழல் முனைவு ஆன்டெனா, டேக் படுத்திருந்தாலும் நின்றிருந்தாலும் வாசிக்கும், அதற்காகப் பாதிச் சக்தியை விட்டுக்கொடுக்கிறது. முனை பார்த்து நிற்பதற்கு அதுவும் மருந்தில்லை. அதனால்தான் சுரங்கத்தில் பக்கவாட்டிலும் மேலேயும் ஆன்டெனா வைக்கிறார்கள். நான்கில் ஒன்று செத்துப்போனால் பெட்டிக்குப் பெட்டி இரண்டு மூன்று குறைவது இப்படித்தான். எந்த ஆன்டெனா எத்தனை வாசித்தது என்று மென்பொருளில் பாருங்கள். ஒன்றின் கணக்கு மட்டும் சுழியமாக இருக்கும்.

மூன்றாவது, உலோகமும் ஈரமும். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், டேக் அதன் மேலேயே ஒட்டியிருந்தால் ஊமையாக்கிவிடும். ஃபாயில் பிரின்ட், ஜரிகை, இரும்பு ஜிப் உள்ள சரக்கில் டேக்கைத் தள்ளி வையுங்கள். இரும்புச் சட்டம், கருவி போன்றவற்றில் ஒட்ட உலோகத்துக்கென்றே செய்த தடித்த டேக்குகள் உண்டு. தண்ணீர் அலையைக் குடித்துவிடும். மழைக்காலத்தில் நனைந்த அட்டைப் பெட்டி, ஸ்டீம் அயர்ன் பண்ணி ஆறாமல் மடித்த துணி, பெட்டியை அணைத்துப் பிடித்திருக்கும் ஆள் எல்லாம் தண்ணீர்க் கணக்கில்தான் வரும். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே.

நான்காவது, குருட்டு இடங்கள். 866 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையோடு மோதி, சில இடங்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். அங்கே மாட்டிய டேக் ஆன்டெனாவுக்கு ஒரு மீட்டர் தள்ளி இருந்தாலும் பேசாது. பத்து சென்டிமீட்டர் நகர்த்தினால் பேசும். நிறுத்தி வைத்து வாசிப்பதைவிட நகர்த்திக்கொண்டே வாசிப்பது நல்லது என்பதற்கு இதுதான் காரணம். கன்வேயர் நின்ற இடத்தில் வாசிக்கும்படி அமைத்திருந்தால் மெதுவாக ஓடவிட்டு வாசித்துப் பாருங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகு ஒரு மென்பொருள் விஷயம் மிஞ்சும்: செஷன். ஒருமுறை எண்ணைச் சொல்லிவிட்ட டேக், மற்றவற்றுக்கு வழிவிட்டுக் கொஞ்ச நேரம் வாய் மூடியிருக்கும். எவ்வளவு நேரம் என்பது ரீடரில் கொடுக்கும் செஷன் எண்ணைப் பொறுத்தது. பூஜ்யத்தில் ரீடரின் அலை நின்றதுமே மறந்துவிடும். ஒன்றில் அரை வினாடி முதல் ஐந்து வினாடி வரை. இரண்டிலும் மூன்றிலும் அலை பட்டுக்கொண்டிருக்கும் வரை வாய் திறக்காது, அலை நின்ற பிறகும் குறைந்தது இரண்டு வினாடி மௌனம். "முதல் தடவை 40 வந்துச்சு, உடனே திருப்பி விட்டா 6தான் வருது" என்ற புகாருக்கு இதுதான் விடை. ஆளுக்கு ஆள் பெட்டியைத் திருப்பித் திருப்பி விட்டுச் சோதித்துக் குழம்பியிருப்பார்கள். சோதனைகளுக்கு நடுவே பெட்டியை ரீடரின் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் அரை நிமிடம் வையுங்கள்.

வரக்கூடாதது வந்தால்

இப்போது பவரைத் தொடலாம், ஆனால் கீழ்நோக்கி. ஒவ்வொரு டெசிபலாகக் குறைத்து, பக்கத்துப் பெட்டி மறையும் இடத்தையும் சொந்தப் பெட்டி குறையத் தொடங்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் நடுவில் நிறுத்துங்கள். இடைவெளியே இல்லை என்றால் பவரால் தீராது. ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் சுரங்கத்தின் இரு வாயிலும் உலோகத் தடுப்பு வைக்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் பெட்டிகளுக்கு நடுவே தூரம் விட வேண்டும். இந்த மூன்றாவதுதான் மலிவு. ஷிப்மென்ட் அவசரத்தில் முதலில் மீறப்படுவதும் அதுதான்.

டேக்கின் பதில் எவ்வளவு பலமாகக் கேட்டது என்பதையும் ரீடர் ஒவ்வொரு வாசிப்போடும் ஆர்எஸ்எஸ்ஐ என்ற எண்ணாகச் சொல்லும். மைனஸ் 45 என்றால் கிட்டத்தில், மைனஸ் 70 என்றால் பெரும்பாலும் தூரத்தில். அதை வைத்து வடிகட்டலாம். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பெட்டியின் நடுவில் புதைந்த சொந்த டேக், திறந்த வெளியில் கிடக்கும் பக்கத்து டேக்கைவிடப் பலவீனமாகத் தெரியலாம். எத்தனை முறை வாசிக்கப்பட்டது, எந்த வினாடிகளில் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெட்டியோடு நகரும் டேக்கின் பலம் ஏறி இறங்கும், ஓரமாகக் கிடப்பது ஒரே மாதிரி முனகிக்கொண்டிருக்கும்.

ஒரு கோடவுன் வாசலில் தினமும் காலை ஒன்பதரைக்கு ஒரு அந்நிய எண் வந்துகொண்டிருந்தது. எந்தச் சரக்கிலும் அது இல்லை. கடைசியில் பார்த்தால் வாசலுக்கு எதிரே நிறுத்தும் மேனேஜரின் காரில் ஒட்டிய ஃபாஸ்டேக். அதுவும் இதே அலைவரிசை, இதே நெறிமுறைதான். உங்கள் சரக்கின் எண்கள் எப்படித் தொடங்கும் என்று தெரிந்து அதை மட்டும் அனுமதித்தால் இந்த விருந்தாளிகள் வாசலோடு நின்றுவிடுவார்கள்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரீடர் எதிரெதிரே பார்த்து நின்றால் ஒன்றின் சத்தத்தில் மற்றது காது கேளாமல் போகும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவும் சில டியூப்லைட்டுகளும் இதே தொல்லை தரும். சந்தேகம் இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ரீடரில் நெரிசல் இடத்துக்கான முறை ஒன்று இருக்கும். மெதுவாகப் பேசும், ஆனால் தெளிவாகக் கேட்கும்.

எண் தப்பாக வந்தால்

40 டேக்கும் நலம், பெட்டியிலும் 40, ஆனால் திரையில் எப்போதும் 39. ஆன்டெனாவை எங்கே வைத்தாலும் மாறவில்லை. அப்படியென்றால் இரண்டு டேக்கில் ஒரே ஈபிசி, அதாவது நாம் டேக்கில் எழுதும் அடையாள எண், எழுதப்பட்டிருக்கிறது. லேபிள் பிரின்டர் ரோல் மாற்றும்போது நின்றுபோய், வேலையைத் திரும்பத் தொடங்கியபோது அதே வரிசை எண் இரண்டாம் முறை எழுதப்பட்டிருக்கும். சோதனை மென்பொருளில் டிஐடியையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அது சிப் தயாரிக்கும்போதே பதிக்கப்படுவது, பெரும்பாலும் இ2 என்று தொடங்கும், நாம் மாற்ற முடியாது. ஒரே ஈபிசிக்கு இரண்டு டிஐடி வந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள்.

திரையில் தெரியும் 24 எழுத்து ஈபிசிக்குள் பார்கோடு எண்ணைத் தேடாதீர்கள், அப்படியே இருக்காது. துணிக்கடைச் சரக்கில் அதிகம் பயன்படும் எஸ்ஜிடின்-96 முறையில் 96 பிட்டுகள். தொடக்கம் 30. அதன் பிறகு கம்பெனி எண், பொருள் எண், வரிசை எண் எல்லாம் பிட் கணக்கில் அடைக்கப்பட்டிருக்கும். கம்பெனி எண்ணின் நீளத்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டால் சரக்கு நன்றாக வாசிக்கும், ஆனால் வாங்குபவரின் கணினியில் வேறு பொருளாகத் தெரியும். சரக்கு கடல் தாண்டிப் போன பிறகு தெரியவரும் தவறு இது. அதனால் ஒவ்வொரு ஆர்டரிலும் முதல் ரோலில் மூன்று டேக்கையாவது வாசித்து, எண்ணைப் பிரித்து, பார்கோடோடு ஒத்துப் பாருங்கள்.

வாசித்த நேரம் 1970 என்று வந்தால் பயப்படாதீர்கள். ரீடரின் கடிகாரத்துக்கு நேரம் சொல்ல யாரும் இல்லை என்று அர்த்தம். நெட்வொர்க் வழியாக நேரம் சொல்லும் என்டிபி சர்வரின் முகவரி கொடுத்தால் சரியாகிவிடும்.

கிளம்புவதற்கு முன்

ஒரே பெட்டியை 20 முறை விடுங்கள். ஐந்து முறைக்கு ஒருமுறை வேறு பக்கமாகத் திருப்பி வையுங்கள். பின்னால் வழக்கம்போல ஒரு பெட்டி காத்திருக்கட்டும், அதை ஒதுக்கி வைத்துவிட்டுச் சோதித்தால் அது சோதனையே இல்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு எண்களை எழுதுங்கள்: வராதவை எத்தனை, அந்நியமாக வந்தவை எத்தனை. கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள். தேதி, பவர் அளவு, சாட்சி டேக் வாசித்த தூரம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதி, அந்தத் தாளை ரீடருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.